ஆறு மர வில்லைகள்

ஜூன் 9

அக்காவுக்கு,

நலம் என்று மட்டும் எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் வந்த மூன்றாம் நாளே சளி பிடித்துக்கொண்டது என்பதையும் சேர்த்துக்கொள். இங்கே போனில் சிக்னல் கிடையாது. மர ஆலையின் லாரி வாரம் ஒருமுறை டவுனுக்குப் போகும்போது டிரைவர் கடிதங்களை வாங்கிப் போகிறார். ஆகவே திட்டுவதாக இருந்தாலும் நீ எழுதித்தான் திட்ட வேண்டும்.

பள்ளிக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. ஆலையின் பழைய சாமான் அறை அது. ஆறு பெஞ்சு, ஒரு கரும்பலகை, இரண்டு சன்னல். அதில் ஒன்றுக்குக் கதவு இல்லை. எங்கே பார்த்தாலும் மரத்தூள். தலையைச் சொறிந்தால் மரத்தூள், புத்தகத்தைத் தட்டினால் மரத்தூள். ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பும் ஒரே அறையில், மொத்தம் இருபத்தெட்டுப் பிள்ளைகள். வாத்தியார், மணியடிப்பவர், பெருக்குபவர் எல்லாம் நான்தான்.

ஆலைக்கு வேலை தேடி எங்கிருந்தோ வந்த ஜனங்கள் இவர்கள். இவர்கள் பேச்சு வேறு, நம் பேச்சு வேறு. ஆஸ்பத்திரிக்குப் போனால் எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் கையைக் காட்டிவிட்டு, கொடுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். பிள்ளைகளாவது நம் பேச்சைக் கற்றுக்கொண்டால் நாளைக்கு யாரும் இவர்களை ஏய்க்க முடியாது. எனக்கு முன்னால் வந்த இரண்டு வாத்தியார்களும் ஆறு மாதத்தில் மூட்டை கட்டிவிட்டார்களாம். நான் அப்படிப் போகமாட்டேன். சேவை மன்றத்தில் மேடையேறி மூன்று வருடம் என்று கையெழுத்துப் போட்டபோது முதல் வரிசையில் உட்கார்ந்து நீ மூக்கை உறிஞ்சியது எனக்குத் தெரியும்.

ஒன்பது வயதில் ஒருத்தி இருக்கிறாள். நான் வாயாடி என்று கூப்பிடுகிறேன். மூச்சு விடக்கூட நிறுத்தமாட்டாள். கண் முன்னால் இருக்கட்டும் என்று முதல் பெஞ்சில் பொடிசுகளோடு உட்காரவைத்திருக்கிறேன். அவள் அப்பாதான் ஆலையின் தச்சர். நம் பேச்சு அவருக்கு ஓரளவு வரும். உள்ளங்கை அளவில் வட்டமாக ஆறு மர வில்லைகள், மேலே ஓட்டை போட்டு, செய்து தர முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்றார். பிள்ளைகளுக்கு என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

அந்த வில்லைகளைக் கோக்க ரிப்பன் வேண்டும். உன் கடையில் வெட்டு மிச்சம் இருந்தால் ஆறு துண்டு அனுப்பு.

தம்பி

ஜூன் 20

தம்பிக்கு,

சளிக்கு ஆவி பிடி. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்காதே. முப்பத்திரண்டு வயசு ஆளுக்கு இதையும் எழுத வேண்டியிருக்கிறது.

வெட்டு மிச்சமாம். பிள்ளைகள் கழுத்தில் போடுவதற்கு யாராவது மிச்சத் துணி அனுப்புவார்களா? கல்யாண ரவிக்கைக்கு என்று வைத்திருந்த சிவப்புப் பட்டு ரிப்பனில் ஆறு வெட்டினேன். கழுத்தில் உரசாமல் இருக்க உள்பக்கம் மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைத்திருக்கிறேன். நுனி பிரியாது, துவைத்தாலும் சாயம் போகாது. நீ கேட்காமலே செய்தேன், நன்றி எல்லாம் வேண்டாம்.

கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் உன் புராணம்தான். அளவெடுக்க நிற்கிறவர்கள் ஓட முடியாதே, கேட்டுத்தான் ஆக வேண்டும். எதிர் மருந்துக் கடைக்காரர் நேற்று, "உங்க தம்பிக்குச் சிலை வைக்கும்போது சொல்லுங்க, மாலை நான் வாங்கித் தரேன்" என்கிறார். கிண்டல்தான், இருக்கட்டும். எனக்குப் பெருமையாக இருந்தது.

நீ எழுதியதில் ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அவர்களுக்கு நம் பேச்சைக் கற்றுக்கொடுக்கிறாய், சரி. அவர்கள் பேச்சில் நீ ஏதாவது கற்றுக்கொண்டாயா? வந்தவரை வா என்றும் சாப்பிட்டாயா என்றும் கேட்கவாவது தெரிய வேண்டாமா?

முதல் பரிசு யாருக்குக் கொடுத்தாய் என்று மறக்காமல் எழுது. அந்த வாயாடிக்குக் கிடைத்தால் நன்றாக இருக்கும். எனக்கு வாயாடிகளைப் பிடிக்கும்.

அக்கா

ஜூலை 6

அக்காவுக்கு,

ரிப்பன் வந்தது. தச்சர் வில்லைகளைக் கொடுத்தபோது எனக்கே வாயடைத்துவிட்டது. மூன்று தரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவி, விளிம்பில் இலை இலையாகச் செதுக்கியிருக்கிறார். உன் ரிப்பனைக் கோத்ததும் நகைப்பெட்டியில் வைக்கலாம் போல இருந்தது.

ஆனால் அவை பரிசு இல்லை, அக்கா. நான் பரிசு என்று எழுதவும் இல்லை. ஒரு விளையாட்டுக்காகக் கேட்டேன். பெஞ்சுக்கு ஒரு வில்லை. வகுப்பில் யாராவது தங்கள் பேச்சில் பேசினால் வில்லை அவர்கள் கழுத்துக்குப் போகும். அதே பெஞ்சில் இன்னொருவர் பேசினால் அவருக்கு மாறும். கடைசி மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவர்கள் அறையைப் பெருக்கிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். அடி கிடையாது, திட்டு கிடையாது. மன்றத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்தவர் அரை மணி நேரம் வாசலில் நின்று பார்த்தார். "ஊசி விழுந்தாக் கேக்கும் போல இருக்கே! முன்னாடி இருந்தவங்க காலத்துல சந்தைக்கடை மாதிரி இருக்கும்" என்று என் முதுகில் தட்டினார். எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

வாயாடிதான் பிடிவாதக்காரி. மற்ற பெஞ்சுகளில் வில்லை கைமாறிக்கொண்டே இருக்கும். முதல் பெஞ்சில் மட்டும் தினமும் அவளிடம்தான் வந்து நிற்கும். சொல்லித் திருத்த முடியவில்லை. போகட்டும், தானாக வழிக்கு வருவாள்.

அவர்கள் பேச்சைக் கற்பது பற்றிக் கேட்டாய். நான் கற்றுக்கொண்டால் அவர்கள் சோம்பிவிடுவார்கள்.

தம்பி

ஜூலை 15

தம்பிக்கு,

என் ரிப்பன் ஆறையும் திருப்பி அனுப்பு. அடுத்த லாரியிலேயே அனுப்பு.

அக்கா

ஜூலை 29

அக்காவுக்கு,

இரண்டு வரி எழுதுவதற்கு ஒரு கவரா? காரணம் சொல்லாமல் கட்டளை போட நான் இன்னும் உன் இடுப்பில் இருக்கிற பிள்ளையா?

ரிப்பனை அனுப்ப முடியாது. பாதியில் நிறுத்தினால் இதுவரை பட்ட பாடு வீண். நானும் யோசிக்காமல் செய்யவில்லை. இந்தப் பிள்ளைகள் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அங்கே யாரும் இவர்கள் பேச்சில் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. கொஞ்சம் கசந்தால்தான் மருந்து. நீ மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஐந்நூறு மைலுக்கு அப்பால் இருக்கிற வகுப்பை நடத்த வேண்டாம். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளுக்கு வகுப்பறையைப் பற்றி என்ன தெரியும்?

இப்போது பத்தொன்பது பேர்தான் வருகிறார்கள். காய்ச்சல் பரவுகிறது என்கிறார்கள்.

வாயாடி அமைதியாகிவிட்டாள். இரண்டு நாளாக அவளிடம் வில்லை போகவில்லை. பார்த்தாயா, வழிக்கு வந்துவிட்டாள்.

தம்பி

ஆகஸ்ட் 30

அக்காவுக்கு,

நான்கு வாரமாக லாரி வரும் ஒவ்வொரு முறையும் போய் நிற்கிறேன். டிரைவர் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிடுகிறார். நீ எழுதவில்லை. எழுதாதது நியாயம்தான். கடைசிக் கடிதத்தில் அந்த வரியை எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்துவிட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும், எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

போன வாரம் தச்சர் அந்தக் கதவில்லாத சன்னலுக்குக் கதவு போட வந்தார். நான் கேட்கவில்லை, மழை அடிக்கிறது என்று அவராகவே பலகை அறுத்துக்கொண்டு வந்தார். வகுப்பு நேரத்தில் அவர் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. முதல் பெஞ்சில் அவர் மகள். பல நாளாக வாய் திறக்காதவள் அன்று காலை திடீரென்று ஏதோ பேசி மாட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் உன் ரிப்பன், அதில் அவர் செய்த வில்லை.

என்ன நடந்ததென்றால், முதலில் அவர் சிரித்தார். மகளுக்குப் பரிசு கிடைத்திருக்கிறது என்று நினைத்துச் சிரித்தார், அக்கா. கையில் இருந்த கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் தலையைத் தடவி, அவர்கள் பேச்சில் ஏதோ கேட்டார். எதற்குக் கிடைத்தது என்று கேட்டிருப்பார். அவள் என்னைப் பார்த்தாள். அப்பா கேட்கிறார், அவள் வாயைத் திறக்க என்னிடம் அனுமதி கேட்கிறாள். ஊசி விழுந்தால் கேட்டிருக்கும்.

தச்சர் மற்ற பெஞ்சுகளைப் பார்த்தார், வில்லை மாட்டிய ஆறு பேரையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. சத்தம் போடவில்லை. கதவை ஒழுங்காக மாட்டினார், கீலுக்கு எண்ணெய் விட்டார், திறந்து மூடிச் சரிபார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "சார், இருபது நாளா வீட்லயும் பேசமாட்டேங்கிறா. தொண்டையில ஏதோ கோளாறுன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அங்க எனக்கு ஒழுங்கா சொல்லத் தெரியல" என்றார். அவ்வளவுதான். மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒன்பது வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் நான்கு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் ஒருவரும் இல்லை. காய்ச்சல் எதுவும் எப்போதும் இருக்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு வில்லையை என் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஆலை சங்கு ஊதி எல்லோரும் வெளியே வரும் நேரம் வாசலில் போய் நின்றேன். எல்லோரும் பார்க்கட்டும், எனக்கு வேண்டியதுதான் என்று. பலபேர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். தச்சர் வந்தார். "கழட்டுங்க சார். நீங்க மாட்டினா அது நாடகம். எம் பொண்ணு மாட்டினப்போ நாடகம் இல்ல" என்றார்.

பெட்டியைக் கட்டிவைத்திருக்கிறேன். அடுத்த லாரியில் கிளம்பி வந்துவிடட்டுமா? நீ சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

தம்பி

செப்டம்பர் 8

தம்பிக்கு,

வராதே. என் வீட்டுக் கதவு உனக்குத் திறக்காது. அந்த ஊரில் குப்பையைக் கொட்டிவிட்டு இங்கே வந்து கை கழுவலாம் என்று பார்க்காதே.

ஏழாம் வகுப்போடு நின்றவளுக்கு என்ன தெரியும் என்று கேட்டாய். சொல்கிறேன், ஒரு தரம்தான் சொல்வேன்.

நான் வகுப்புத் தலைவி, பீரோ சாவி என்னிடம் இருக்கும். ஒருநாள் கலர் சாக்பீஸ் பெட்டி காணாமல் போனது. டீச்சர் என் கழுத்தில் சிலேட்டைக் கட்டித் தொங்கவிட்டார். அதில் திருடி என்று எழுதியிருந்தது. சணல் கயிறு. மூன்று நாள், ஒவ்வொரு வகுப்பாகப் போய் நின்றுவிட்டு வர வேண்டும். கயிறு உரசிக் கழுத்து புண்ணாகிவிட்டது. அதனால்தான் உன் ரிப்பனுக்கு உள்பக்கம் பருத்தித் துணி வைத்தேன். பரிசு என்று நினைத்தபோதே என் கை அதைத் தானாகத் தைத்தது. இப்போது நினைத்தால், அந்தப் பெண்ணின் கழுத்துக்குக் கயிறு திரித்துக் கொடுத்தவளே நான்தான். அதற்கு நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

மூன்றாம் நாள் இரண்டாம் வகுப்புக்குப் போனேன். உன் வகுப்பு. எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

நான்காம் நாள் நான் போகவில்லை. கரும்பலகை கண்ணுக்குத் தெரியவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். கண் தெரியாதவள் மறுவாரமே தையல் கடையில் ஊசிக்கு நூல் கோத்தாள். அதை யாரும் யோசிக்கவில்லை.

நீ சின்னப் பிள்ளை, உனக்கு ஞாபகம் இருக்காது. அந்தத் தச்சரிடம் போ. நாடகம் போடாமல் போ. அவர் கதவை மூடினால் மறுநாளும் போ.

அக்கா

செப்டம்பர் 29

அக்காவுக்கு,

முதலில் இங்கே நடந்ததை எழுதிவிடுகிறேன். மற்றதை எழுதத் தைரியம் வருகிறதா என்று பிறகு பார்க்கலாம்.

தச்சர் வீட்டுக்குப் போனேன். கதவை மூடவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. பட்டறையில் ஒரு நீளப் பலகையை அறுத்துக்கொண்டிருந்தார். மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். "அந்த முனையைப் பிடிங்க, ஆடுது" என்றார். பிடித்தேன். இருட்டும்வரை பிடித்தேன். போகும்போது உங்கள் பேச்சை எனக்குக் கற்றுத் தருவீர்களா என்று கேட்டேன். "நாளைக்கும் பலகை ஆடும்" என்றார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் போகிறேன். பலகை, உளி, ஆணி, கை, கால், தாகம், வலி. ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்கிறேன். வலி என்ற சொல்லை முதல் நாளே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு பிள்ளைகள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் போனேன். எட்டாவது வீட்டில், முதல் வகுப்புப் பொடியனின் அம்மா ஒன்று சொன்னார். தச்சர் அதைக் கேட்டுவிட்டு அந்தப் பொடியன் தலையைத் தடவினார். பிறகு எனக்குச் சொன்னார்: "இவங்க பையன் வாய் தவறிப் பேசிட்டா, நீங்க திரும்பறதுக்குள்ள எம் பொண்ணு சத்தமா ஏதாவது பேசிடுவாளாம். வில்லை அவகிட்டப் போயிடுமாம். 'அக்கா இருக்காங்க, பயமில்ல'ன்னு இந்தப் பையன் வீட்ல வந்து சொல்லுவானாம்."

அக்கா, நான் அவளைப் பிடிவாதக்காரி என்று உனக்கு எழுதினேன். ஐந்து பொடிசுகளின் வில்லையை அவள் தன் கழுத்தில் வாங்கிக்கொண்டு, மாலையில் அறையைப் பெருக்கிவிட்டுப் போயிருக்கிறாள். அந்தப் பொடியன் சொன்ன வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. அன்றைக்குப் பள்ளி விட்டதும் உனக்காக உன் வகுப்பு வாசலில் நின்றேன். நீ பீரோவைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாய். சாக்பீஸ் பெட்டியை எடுத்தது நான். சாக்பீஸை எல்லாம் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பெட்டியைச் சாக்கடையில் எறிந்தேன். நீ சிலேட்டோடு என் வகுப்புக்கு வந்தபோது, சிரிக்காவிட்டால் என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சிரித்தேன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

இருபத்தைந்து வருடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். உன் மெஷின் சத்தத்தில்தான் நான் படித்தேன். வாத்தியார் ஆனேன், சேவை என்று கிளம்பினேன், மேடையில் நின்றேன். நீ முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதாய். என் கையில் அதிகாரம் வந்ததும் நான் முதலில் செய்யச் சொன்னது கழுத்தில் தொங்கவிட ஒரு வட்டம். அது எங்கிருந்து எனக்கு வந்தது என்று எனக்கு இப்போது தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது என்று எழுதினால் அந்தச் சொல் போதவில்லை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை லாரியில் அனுப்புகிறேன், அதுவும் கோழைத்தனம்தான்.

பதினொரு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். காலையில் முதல் அரை மணி நேரம் அவர்கள் எனக்குப் பாடம் நடத்துகிறார்கள். நான் தப்பாகச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். வாயாடி வாசல்வரை வருகிறாள், உள்ளே வருவதில்லை. என்னிடம் இதுவரை பேசவில்லை. ஆனால் நேற்று பட்டறையில் நான் இழைப்புளியைத் தலைகீழாகப் பிடித்துப் பலகையைக் கெடுத்தபோது, மூலையிலிருந்து அவள் படபடவென்று ஏதோ கத்தினாள். மூச்சு விடாமல் கத்தினாள். தச்சர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத நீங்களே கத்துக்கிட்டுப் புரிஞ்சுக்குங்க. நல்லாத் திட்டறா" என்றார்.

உன் ரிப்பன் ஆறும் இத்துடன் இருக்கிறது. துவைத்துத்தான் அனுப்புகிறேன். சாயம் போகவில்லை.

தம்பி

அக்டோபர் 10

தம்பிக்கு,

ரிப்பன் வந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன்.

சாக்பீஸ் விஷயம் எனக்கு அன்றைக்கே தெரியும். அம்மா வேலைக்குப் போனபின் உன் சட்டையைத் துவைப்பது யார்? பாக்கெட்டைத் திருப்பியதும் தண்ணீர் நீலமும் மஞ்சளுமாகக் கலங்கியது. டீச்சரிடம் சொல்லியிருந்தால் அந்தச் சிலேட்டு உன் கழுத்துக்குப் போயிருக்கும். உன் கழுத்து அப்போது என் மணிக்கட்டு அளவுதான் இருந்தது. சொல்லவில்லை.

அதற்காக என்னைத் தெய்வமாக்கிவிடாதே. நீ சிரித்ததை நான் மன்னிக்கவே இல்லை. நீயாக ஒருநாள் சொல்வாய் என்று ஒவ்வொரு வருடமும் காத்திருந்தேன். நீ பாஸானாய், வேலைக்குப் போனாய், மேடையேறினாய். அன்றைக்கு நான் பெருமையில் அழுதேன் என்று நினைத்தாய். பாதிதான் பெருமை. இப்போது சொல்லிவிட்டாய். கோபம் இன்னும் இருக்கிறது, ஆனால் இரண்டு நாளாகத் தூக்கம் நன்றாக வருகிறது.

அந்தப் பெண் என்ன சொல்லித் திட்டினாள் என்பதைக் கற்றுக்கொண்டு எனக்கு எழுது. அவள் உள்ளே வந்து உட்காரும்வரை அங்கேயே இரு. மூன்று வருடம் போதாவிட்டால் இன்னொரு கையெழுத்துப் போடு.

அங்கே இனி குளிர் அதிகமாம், மருந்துக் கடைக்காரர் பேப்பரில் பார்த்துச் சொன்னார். கெட்டித் துணியில் முழுக்கை வைத்து உனக்கு ஒரு சட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன். அளவு சரியாக இருக்கும்.

பாக்கெட் வைக்கவில்லை.

அக்கா